"எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லி விலகும் முன்

"யார் வந்தாலும் ஒண்ணுதான், எல்லாரும் திருடங்க." அரசியல் பேச்சு எங்கே எழுந்தாலும் இதில்தான் வந்து முடிகிறது. சபைக்குள்ளும் இதே பேச்சுதான். இதைக் கிறிஸ்தவர்கள் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படிப் பேசுகிறவர்கள் தரும் தகவல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லஞ்சம் உண்மை, காற்றில் பறந்த வாக்குறுதிகளும் உண்மை. கோளாறு அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவில் இருக்கிறது. எல்லாரும் ஒன்று என்றால், லஞ்சத்தை மறுக்கிற அதிகாரியும் கேட்டு வாங்குகிறவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். மறுத்தவரை இடம் மாற்றும்போது அவருக்காக வாய்திறக்க ஆள் இருக்காது. இந்த அவநம்பிக்கையால் லாபம் அடைவது திருடுகிறவர்கள்தான்.

மனிதர் பாவம் செய்வார்கள் என்பது நமக்குப் புதிய செய்தியா? தாவீது ராஜாவின் குற்றத்தையே வேதாகமம் மூடிமறைக்கவில்லை. தலைவர்கள் நல்லவர்கள், அடுத்த தேர்தலில் எல்லாம் சரியாகிவிடும் என்பதன்மேல் நாம் நம்பிக்கை வைக்கவே இல்லை. இயேசு குற்றமற்றவர் என்று தெரிந்தும் கூட்டத்துக்குப் பயந்து ரோம ஆளுநர் பிலாத்து அவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தான். கல்லறைக்கு முத்திரை போட்டுக் காவலும் வைத்தார்கள். தேவன் அதைத் திறந்தார். நம் நம்பிக்கை அங்கேதான் நிற்கிறது. அதனால்தான் எவ்வளவு மோசமான செய்தியையும் நேருக்கு நேர் பார்க்க நமக்குத் தெம்பு உண்டு.

எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். யூதாவின் ராஜா சிதேக்கியா ஆண்ட 10-ஆம் ஆண்டு. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காகவே எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது தன் சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கச் சொல்லி உறவினர் வருகிறார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 200 கிராம். பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சிகளை வைக்கிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது: எல்லாம் முடித்த பின்புதான், நகரம் எதிரியின் கையில் போகிறதே, நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று கர்த்தரிடம் தன் குழப்பத்தைக் கொட்டுகிறார். குழப்பம் தீரட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிப்போடவில்லை.

நகரம் விழத்தான் செய்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தில் அவர் பயிரிட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில், எஸ்றா 2:23-இல், ஆனதோத்தின் மனிதர் 128 பேர் இருக்கிறார்கள்.

நம் சபைகளில் விட்டுப்போன ஒன்று புலம்பல். ஆராதனை முழுக்கத் துதிப்பாடல், பிறகு வீட்டுக்குப் போய் விரக்தியான பேச்சு. 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள்தான், அதற்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார் சங்கீதக்காரர். தேவனிடம் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை அடக்கி வைத்தால், அது வெளியே இளக்காரமாக மாறித்தான் வரும்.

நம்பிக்கை செயலில் இறங்கும்போது எங்கே சறுக்கும் என்பதற்கு, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸின் அடிமை வணிக ஒழிப்புப் போராட்டத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. 1791-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 163-க்கு 88 என்று தோற்றார். 1792-இல் மக்கள் 519 மனுக்களை அனுப்பினார்கள். 1796-இல் 74-க்கு 70. நான்கே வாக்குகளில் போனது. ஆதரவாளர்கள் போதுமான அளவில் அவைக்கு வரவில்லை. எதிரியின் பலத்தைவிட நம்மவர்கள் வராததே காரியத்தைக் கெடுக்கும். வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807-இல்தான் 283-க்கு 16 என்று நிறைவேறியது. அடிமைமுறையையே ஒழிக்க 1833 வரை ஆயிற்று.

ஆகவே சபைக் குழுக்களுக்குச் சில விஷயங்கள். ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். ஐந்தாறு எடுத்தால் ஆட்கள் களைத்து, இரண்டாம் கூட்டத்துக்கே வரமாட்டார்கள். மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும்: என்ன வேண்டும், யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நகலை ஒருவரிடம் மட்டும் விட்டுவைக்காதீர்கள். அவர் வேலைமாற்றலில் போனால் எல்லாமே நின்றுவிடும். மனுவைக் கொடுத்த அன்றே அடுத்து போகும் தேதியையும், போகும் இருவரின் பெயரையும் குறித்துவிடுங்கள். பெரும்பாலான முயற்சிகள் "பதில் வரட்டும், பார்க்கலாம்" என்ற கட்டத்தில்தான் சாகின்றன. லூக்கா 18-இல் வரும் விதவை தேவனுக்குப் பயப்படாத நீதிபதியிடமே திரும்பத் திரும்பப் போனாள். அவன் நல்லவன் என்று நம்பி அவள் போகவில்லை.

"தலைவர்களை ஆசீர்வதியும்" என்று பொத்தாம்பொதுவாக ஜெபிப்பதை விடுங்கள். எந்த மனு, எந்த மேசையில் நிற்கிறது என்று சபைக்குச் சொல்லி ஜெபியுங்கள். கட்சிக்கொடி மட்டும் உள்ளே வர வேண்டாம். ஒரு கட்சியின் வெற்றியோடு நம்பிக்கையை முடிச்சுப் போட்டால், அந்தக் கட்சி தவறும் நாளில் சபையின் இளைஞர்கள் இரண்டையும் சேர்த்தே தூக்கி எறிவார்கள்.

கேட்டது கிடைக்காமலும் போகலாம். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த மனுவை எழுத அதுதான் முதல் ஆவணம்.