வரிசையில் எல்லோரும் ஒன்று என்று நம்பித்தான் வாக்களித்தேன்

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றுதான் நான் புள்ளடி போட்டேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முகநூலில் இதுவரை சொன்னதில்லை.

இன்று சொல்வதற்குக் காரணம் எங்கள் பகுதிப் பெடியன் ஒருவன். வயது 24. அந்த வாக்கெடுப்பின்போது 14 வயதுப் பிள்ளை. இங்கே பிறந்து வளர்ந்த பிரித்தானியக் குடிமகன். போன வருடம் வவுனியாவில் கலியாணம் செய்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்திருக்கிறான். மனைவியைக் கூப்பிட அவனுடைய சம்பளம் காணாது. போன வாரம் என்னிடம் கேட்டான்: "அண்ணை, நீங்கள் எல்லாரும் அப்ப என்னத்தை எதிர்பார்த்து வாக்குப் போட்டனீங்கள்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்த இடத்தில் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் எதிர்பார்த்தது என் தம்பியின் கதையில் இருக்கிறது. 2012 ஜூலையில் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பிரித்தானியக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிடுவதென்றால் வருடத்துக்கு 18,600 பவுண் சம்பாதிக்க வேண்டும். தம்பி அப்போது ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. 2014 ஒக்டோபரில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 6 பவுண் 50 பென்ஸ். வாரம் 40 மணித்தியாலம், வருடத்தில் ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தாலும் 13,520 பவுண்தான் வரும். இரண்டாவது வேலையும் பிடித்தான். மனைவி யாழ்ப்பாணத்தில். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, அப்பா என்று சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் தொலைபேசித் திரையில்தான் பார்த்தான். அந்த வருடங்களில் அவன் முகத்தைப் பார்த்தவன் நான்.

அதே தெருவில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் இருந்தார்கள். அந்த வீட்டு மகன் இங்கே வேலை செய்துகொண்டு, ஊரில் கலியாணம் கட்டி, சில மாதங்களில் மனைவியைக் கொண்டுவந்துவிட்டான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அவனுக்கு அந்த 18,600 பொருந்தாது. விண்ணப்பக் கட்டணம்கூட இல்லை. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவனுடைய உரிமையை அவன் பயன்படுத்தினான். ஆனால் இந்த நாட்டுக் குடிமகனுக்கு இந்த நாட்டில் இல்லாத உரிமை பக்கத்து நாட்டுக் குடிமகனுக்கு இருந்தது. சில பிரித்தானியர்கள் அயர்லாந்துக்குப் போய், அங்கே சில மாதம் வேலை செய்து, மனைவியை அங்கே எடுத்து, ஐரோப்பியச் சட்டத்தின் வழியாகத் தங்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பிரசாரம் வந்தது. எங்களைப் போன்றவர்களைத் தேடியே வந்தது. அப்போது வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பிரீத்தி படேல், ஐரோப்பாவை விட்டு விலகினால் தெற்காசியச் சமையற்காரர்களை அழைப்பது சுலபமாகும், கறி உணவகங்கள் பிழைக்கும் என்று பேசினார். ஐரோப்பியருக்கு ஒரு கதவு, இலங்கை போன்ற பொதுநலவாய நாட்டவருக்கு இன்னொரு கதவு என்பது ஒழிந்து எல்லோருக்கும் ஒரே வரிசை என்றார்கள். நான் அதை நம்பினேன். தம்பி நின்ற இடத்தில் நின்று பார்த்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

இன்னொரு விடயமும் சொல்ல வேண்டும். அந்த வாக்கெடுப்பில் இங்கே வசிக்கும் பொதுநலவாய நாட்டவர் வாக்களிக்கலாம். கொழும்பிலிருந்து அந்த வருடம் படிக்க வந்த ஒரு மாணவன் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்தால் போதும், வாக்களிக்கலாம். ஹொலண்ட் கடவுச்சீட்டோடு பத்து வருடமாக லெஸ்டரில் வேலை செய்து வரி கட்டிய என் மச்சாள் வாக்களிக்க முடியாது. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது. அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய கேள்வி அது. பதில் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை.

ஆனால் விலக வாக்களித்த 1 கோடியே 74 இலட்சம் பேரும் வெளிநாட்டவரை வெறுப்பவர்கள் என்று சிலர் இன்றைக்கும் எழுதுவதை ஏற்கமாட்டேன். லிங்கன்ஷயர் பக்கம் ஒரு சின்ன ஊரில் என் நண்பன் கடை வைத்திருக்கிறான். நாட்டிலேயே அதிக விகிதத்தில், 75.6 வீதம், விலக வாக்களித்த பொஸ்டன் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முதல் கிழமை ஒரு வயதானவர் பால் வாங்க வந்து கவுண்டரில் நின்று கதைத்தாராம். எங்கள் ஊர் வைத்தியரிடம் நேரம் கிடைக்கவில்லை, பஸ் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது, பேரப்பிள்ளைகள் வேலை தேடி ஊரை விட்டுப் போய்விட்டார்கள், இத்தனை காலமும் யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்கிறார்கள், இந்த முறை பதில் சொல்லப்போகிறேன் என்றாராம். வாக்கெடுப்பு முடிந்த அடுத்த வாரம் அதே கடையில் வேறொருவன் வந்து, எப்போது மூட்டை கட்டுகிறாய் என்று நண்பனைக் கேட்டிருக்கிறான். அதுவும் நடந்தது. இரண்டு பேரும் ஒரே பெட்டியில் புள்ளடி போட்டவர்களாக இருக்கலாம். நான் சொல்வது அந்த முதியவரின் எதிர்பார்ப்பைப் பற்றி. அவர் கேட்டது பேராசை இல்லை.

சிவப்பு பஸ் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வாராவாரம் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு 350 மில்லியன் பவுண் அனுப்புகிறோம், அதை என்எச்எஸ் என்ற அரச மருத்துவ சேவைக்குக் கொடுப்போம் என்று அதில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரித்தானியாவுக்குக் கிடைத்த கட்டணத் தள்ளுபடியையும் திரும்பி வந்த மானியங்களையும் கழிக்காத கணக்கு அது. தவறாக எண்ணவைக்கும் கணக்கு என்று புள்ளிவிபர அதிகாரசபையே சொன்னது. பின்னர் வந்த அரசுகள் என்எச்எஸ்ஸுக்குக் காசு கூட்டிக் கொடுத்தது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 2016இல் 40 இலட்சத்துக்குக் குறைவாக இருந்து, கொரோனாவுக்குப் பிறகு 70 இலட்சத்தைத் தாண்டிப்போனது. முழங்கால் அறுவைக்குக் காத்திருக்கிற ஒருவருக்கு நாடு விலகியதும் விலகாததும் ஒன்றுதான்.

சரி, என் வரிசைக்கு என்ன நடந்தது?

2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு நாடு விலகியது. அந்த வருட முடிவோடு இடைக்காலமும் முடிந்து, 2021 தொடக்கத்தில் புள்ளி அடிப்படையிலான புதிய குடிவரவு முறை வந்தது. இனிமேல் புதிதாக வரும் பிரெஞ்சுக்காரருக்கும் இலங்கையருக்கும் ஒரே விதி. சொன்னபடி செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் தம்பிக்கு இல்லாத உரிமையை அவனுக்குக் கொடுத்து அந்தச் சமத்துவத்தைச் செய்யவில்லை. மற்றவர்களிடம் இருந்ததைப் பறித்துச் செய்தார்கள். 2024 ஏப்ரலில் அந்த 18,600ஐ 29,000 ஆக்கினார்கள். அதை 38,700 வரை கொண்டுபோகும் திட்டமும் இருந்தது, பிறகு நிறுத்திவைத்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ். வாரம் 40 மணித்தியாலப்படி வருடக் கணக்குப் பாருங்கள், 25,400ஐத் தாண்டாது. தம்பி எட்டாமல் நின்ற மதில் இன்றைக்கும் அந்தப் பெடியனுக்கு முன்னால் நிற்கிறது.

இதைத்தான் அவனுக்கு அன்று சொல்ல முடியாமல் நின்றேன்.

மச்சாளின் கதையையும் எழுதவேண்டும், அதில் எனக்கும் பொறுப்பு இருக்கிறது. எங்கள் சனம் ஐரோப்பா முழுக்கச் சிதறியது எல்லோருக்கும் தெரியும். யுத்தம் துரத்த, கதவு திறந்த இடத்தில் இறங்கினோம். ஒருவர் பாரிஸ், ஒருவர் டென்மார்க், ஒருவர் ஜேர்மனி. பின்னர் அந்தந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், சொந்தபந்தத்துக்குப் பக்கத்தில் இருப்போம் என்று எத்தனையோ குடும்பங்கள் இங்கே வந்தன. ஐரோப்பாவுக்குள் சுதந்திரமாக நடமாடும் உரிமை சிதறிப்போன குடும்பத்தை மறுபடி சேர்த்தது. அந்த உரிமைக்கு எதிராகத்தான் நான் புள்ளடி போட்டேன்.

இங்கே இருந்த ஐரோப்பியக் குடிமக்களில் பெரும்பாலோர் 2021 ஜூன் 30க்குள் வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நிரந்தர உரிமைக்கு ஐந்து வருடம் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். மச்சாளுக்கு வேலைப் பதிவுகள் இருந்ததால் சிரமம் இல்லை. மாமிக்கு வயது எழுபதுக்கு மேல், பெயரில் வங்கிக் கணக்கும் இல்லை, வாடகைப் பத்திரமும் இல்லை. வைத்தியரின் கடிதம், பழைய மருந்துச் சீட்டு, கோயில் நிர்வாகத்தின் கடிதம் என்று எல்லாவற்றையும் நான்தான் இருந்து சேர்த்தேன். ஒரு மாலை கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மாமி கேட்டா: "தம்பி, இனி இங்கயிருந்தும் போகச் சொல்லுவாங்களோ?" அவ வாழ்க்கையில் அந்தக் கேள்வியைக் கேட்டது அது முதல் தடவை இல்லை. கடைசியில் அவவுக்கும் கிடைத்தது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தத் திட்டத்தில் உரிமை கிடைத்தது, அதை நன்றாகவே செய்தார்கள் என்றும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாமியின் அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

வட அயர்லாந்தைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. அங்கே 55.8 வீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கத்தான் வாக்களித்தார்கள். 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அயர்லாந்துக் குடியரசுடனான அந்த எல்லையில் சாவடிகள் போய்விட்டன, சனம் நினைத்தபடி போய்வருகிறது. சாவடிகளைக் கடந்து வளர்ந்தவர்கள் நாங்கள், அதன் பெறுமதி எங்களுக்குப் புரியும். வாக்களிக்கும்போது அவர்களை நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. மீனவர்களுக்குச் சொன்னதும் நடக்காமல் போனது. எங்கள் கடல் எங்களுக்கு என்றார்கள். 2025 மே மாதம் செய்த உடன்பாட்டில் ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை அனுமதி நீண்டுவிட்டது.

குடிவரவு குறையும் என்று எதிர்பார்த்தவர்களும் ஏமாந்துதான் போனார்கள். 2023 ஜூன் வரையான ஒரு வருடத்தில் நிகர குடிவரவு, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு, 9 இலட்சத்தைத் தாண்டியது. முதியோர் பராமரிப்புக்கு ஆள் இல்லை என்று 2022இல் அரசே விசாவைத் திறந்து கூப்பிட்டது. ஊரில் நகை விற்று, முகவருக்குக் காசு கொடுத்து வந்தவர்களை நான் அறிவேன். 2024இல் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள், 2025இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே நிறுத்தினார்கள். நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் திட்டத்தையும் அதே வருடம் முன்வைத்தார்கள். ஏற்கனவே வந்தவர்களுக்குச் சொன்ன ஐந்து வருடத்தை நடுவழியில் மாற்றுவது அநியாயம். கூப்பிட்டவர்கள் இந்த நாட்டு ஆட்கள்தான், பிரஸ்ஸல்ஸ் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. விலகல் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்றை நான் இன்றைக்கும் நம்புகிறேன்: முடிவெடுப்பவர் நாங்கள் கேள்வி கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். முன்பு எதைக் கேட்டாலும் ஐரோப்பியச் சட்டம் விடாது என்று சொல்லித் தப்பலாம். இப்போது முடியாது. பெண்களின் மாதவிடாய்ப் பொருட்களுக்கு இருந்த வரியை 2021 ஜனவரி முதலாம் திகதி அடியோடு எடுத்தார்கள். ஐரோப்பிய விதி தடுக்கிறது என்று நீண்டகாலம் சொல்லப்பட்ட விடயம் அது. மாற்றவேண்டும் என்று சனம் விடாமல் கேட்டது, மாற்றினார்கள். விலகலுக்குப் பிறகு வெளியே நின்ற ஹொரைசன் என்ற ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டத்தில் 2024இல் மறுபடி சேர்ந்தார்கள், விஞ்ஞானிகளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வருமான விதியும் கல்லில் எழுதியது இல்லை. அது வெறும் விதி. நாடாளுமன்றம் இருக்கிற வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதினார்கள், அங்கேயே அழிக்கலாம்.

மறுபடி ஒன்றியத்தில் சேரவேண்டுமா என்று சிலர் கீழே கேட்பீர்கள். அதற்கு இன்னொரு பதிவு எழுதுகிறேன், இந்த விடயத்தை அதற்குள் கரைக்க விரும்பவில்லை.

அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தொகுதி எம்.பி.யைச் சந்திக்கப் போகிறேன். நேரம் தந்திருக்கிறார்கள். அவனுடைய சம்பளச் சிட்டையையும் தம்பியின் பழைய சம்பளச் சிட்டைகளையும் எடுத்துவைத்திருக்கிறேன். இந்த 29,000 விதியால் பிரிந்திருக்கிற குடும்பம் உங்களுக்குத் தெரிந்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். எத்தனை மாதம், பிள்ளை இருக்கிறதா, என்ன வேலை, இவ்வளவும் போதும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி அச்செடுத்து அவர் கையில் கொடுப்பேன். அவர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதுகிறேன்.