சொந்த வீடு இருந்தால் கல்லூரி உதவித்தொகை கிடைக்காதா?

"அமெரிக்காவில் சொந்த வீடு இருந்தால் பிள்ளையின் கல்லூரிக்கு ஃபாஃப்சா (அரசின் கல்லூரி நிதியுதவிக்கான படிவம்) விண்ணப்பம் போடுவதே வீண்" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பி யாரும் விட்டுவிடக் கூடாது.

குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதே இல்லை. ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கும் சேமிப்பும் அப்படித்தான். சில தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தில்தான் வீட்டின் மதிப்பை எழுத வேண்டிவரும்.

வங்கிச் சேமிப்பு கணக்கில் வரும், ஆனால் முழுதாக அல்ல. பெற்றோர் பெயரில் 20,000 டாலர் இருந்தால் குடும்பத்தின் வசதியை மதிப்பிடும் கணக்கில் அதிகபட்சம் 1,128 டாலர்தான் சேரும். அதே பணம் பிள்ளையின் பெயரில் இருந்தால் 4,000.

அப்புறம், 2024-25 முதல் வந்த 'மாணவர் உதவிக் குறியீடு', அதாவது இந்தக் கணக்கின் முடிவில் வரும் எண், நீங்கள் கட்ட வேண்டிய தொகை அல்ல. அது மைனஸ் 1,500 வரைகூட இறங்கும். வருமானம் அதிகம் என்று தோன்றினாலும் விண்ணப்பியுங்கள். அரசின் மாணவர் கடனுக்கும் இதே படிவம்தான்.