சோபாவில் இருந்து கதைக்கிற ஆக்கள்

ஹொலிவூட் ஆள் ஒருவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜிம்மி ஃபாலனின் இரவு அரட்டை நிகழ்ச்சிக்கு வந்து சிரித்து, விளையாடி, கை காட்டிவிட்டுப் போனால் போதும், "இவ்வளவு பெரிய ஆள், உலகத்தில நடக்கிற ஒண்டைப் பற்றியும் வாய் திறக்கேல்லையே" என்று கோபப்பட எங்கட பக்கத்தில் கனபேர் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் கடை வாசலில் நின்று போனில் அந்தத் துண்டு வீடியோக்களைப் பார்க்கிற பெடியளும் இதைத்தான் சொல்கிறார்கள். (அங்கே இரவு 11.35க்குப் போகிற நிகழ்ச்சி. எங்களுக்கு அப்போது காலை ஒன்பது, பத்து மணி, நல்ல வெயில்.)

எனக்கு அந்தக் கோபம் வருவதில்லை. அந்த சோபா ஒரு கடை மேசை. படம் வெளிவருகிற கிழமைதான் நடிகர் வருவார், பாட்டுத் தொகுப்பு வந்தால்தான் பாடகர் வருவார். வருவதற்கு முன்பே நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர் அவரோடு போனில் கதைத்து, எந்தக் கதைக்குச் சனம் சிரிக்கும் என்று பார்த்துத் தெரிவு செய்துவிடுவார், அது தொகுப்பாளரின் கையில் இருக்கிற அட்டையில் ஏறிவிடும், பிறகு "நீங்கள் அண்மையில் நாய் வாங்கினீர்களாமே" என்று அவர் கேட்க, இவர் இப்போதுதான் ஞாபகம் வந்தது போலச் சொல்வார். ஜொனி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது வருடம் தொகுப்பாளராக இருந்த கதிரையில் இன்றைக்கு ஃபாலன் இருக்கிறார், வியாபாரம் அதேதான். சங்கடமான விசயம் கூட அங்கே விற்பனைக்கு உதவும். 1995இல் நடிகர் ஹியூ கிராண்ட் பொலிஸில் பிடிபட்ட கையோடு, கார்சனுக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்த ஜே லெனோவின் நிகழ்ச்சிக்கு, படத்துக்காக முன்னமே ஒத்துக்கொண்டபடி வந்தார். லெனோ முதல் கேள்வியிலேயே நேரே அதைக் கேட்டார், அவரும் செய்தது பிழைதான் என்று ஒத்துக்கொண்டார். அதே நேரத்தில் வேறு சனலில் நிகழ்ச்சி நடத்திய டேவிட் லெட்டர்மனை லெனோ முந்தத் தொடங்கியது அந்த இரவோடுதான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். இன்னொரு பக்கம், 2025 செப்டெம்பரில் இன்னொரு தொகுப்பாளரான ஜிம்மி கிமெல் சொன்ன கதை ஒன்றுக்காக அவருடைய நிகழ்ச்சியையே சில நாள் நிறுத்தி வைத்தார்கள். வீட்டுக்காரனுக்கே அந்த நிலைமை என்றால் விருந்தாளியிடம் என்னத்தை எதிர்பார்ப்பது?

ஆனால் ஒரு ஆளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. மாயா. ஈழத்துக் குடும்பத்தில் வந்த லண்டன் பாடகி, எம்.ஐ.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். 2007 செப்டெம்பரில் லெட்டர்மன் நிகழ்ச்சியில் அவர் தன் பெயர்போன 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டின் நடுவில் துவக்குச் சத்தம் வரும். அமெரிக்க வீடுகளுக்கு அந்த நேரத்தில் அது கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, சத்தத்தை வேறொன்றாக மாற்றிவிட்டார்கள், அவரும் பிறகு அதைச் சொல்லிக் குறைப்பட்டார். இங்கே குண்டு போடக் கிபிர் விமானம் வந்தால் பங்கருக்குள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அப்படி ஒரு வசதி இருக்கவில்லை.

பிறகு 2009 ஜனவரி. ஒரு பக்கம் அதே பாட்டுக்குக் கிராமி பரிந்துரை, மறுபக்கம் ரகுமானோடு சேர்ந்து செய்த பாட்டுக்கு ஒஸ்கார் பரிந்துரை, போதாக்குறைக்கு நிறைமாத வயிறு. எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் சிரித்துக் கதைத்துவிட்டு வரக்கூடிய நேரம். மாத முடிவில் டாவிஸ் ஸ்மைலியின் இரவு நிகழ்ச்சிக்கு வந்தவர் வன்னியைப் பற்றிக் கதைத்தார், நடப்பது இனப்படுகொலை என்றே சொன்னார். அந்தக் கிழமை சனம் எங்கே நின்றது என்று உங்களுக்குத் தெரியும். கிளிநொச்சி இராணுவத்திடம் போய்விட்டது, முல்லைத்தீவு போய்விட்டது, அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த சுதந்திரபுரம், உடையார்கட்டு, தேவிபுரம் பக்கம் தறப்பாளுக்குக் கீழே சனம். ஐநா ஆக்கள் முந்தின செப்டெம்பரிலேயே கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டிருந்தார்கள், வெளிநாட்டுப் பத்திரிகைக்காரரைச் சுயாதீனமாக உள்ளே விடவில்லை. அவர் சொன்னதை இங்கே ஆர் கேட்டிருக்க முடியும்? வானொலிக்கு பற்றரி கிடைத்தாலே பெரிய விசயம்.

ஒன்றைக் கவனியுங்கோ. அவர் அதைச் சொன்னது லெட்டர்மனிடமோ லெனோவிடமோ இல்லை, பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸில். வாத்தியக் குழுவும் பகிடி மேசையும் இல்லாத, ஆறுதலாகக் கதைக்க விடுகிற நிகழ்ச்சி அது. கனபேர் பார்க்கிற இடத்தில் பாட்டுக்கு இடம் கிடைத்தது, அதுவும் சத்தம் மாற்றி. கதைக்கு இடம் கிடைத்தது குறைவான பேர் பார்க்கிற இடத்தில்.

அடுத்த வருடம் நியூயோர்க் டைம்ஸின் சஞ்சிகை அவரைப் பற்றி நீளமாக எழுதியது. அதில் சனத்துக்கு ஞாபகம் நின்றது அவர் சாப்பிட்ட, ட்ரஃபிள் என்கிற விலை கூடின காளான் வாசம் போட்ட உருளைக்கிழங்குப் பொரியல்தான்: வசதியாக இருந்துகொண்டு புரட்சி கதைக்கிறாராம். எங்கட ஆக்களும் விட்டுவைக்கவில்லை, "லண்டனில இருந்துகொண்டு ஆரும் கதைக்கலாம்" என்றார்கள். கதைக்கலாம்தான். லண்டனில் வேறு எத்தனையோ பேரும் இருந்தார்கள், கொட்டுகிற குளிரில் றோட்டில் நின்ற சனத்தைத் தவிர மற்றவை என்ன கதைத்தவை?

சரி, அமெரிக்கனை விடுவோம். எங்கட தமிழ்ச் சனல்களுக்கு ஈழத்தில் பிறந்த அல்லது ஈழத்துத் தாய் தகப்பனுக்கு வெளிநாட்டில் பிறந்த ஒரு கலைஞர் வந்தால் என்ன கேட்கிறார்கள்? "ஒருக்கா யாழ்ப்பாணத் தமிழில் கதைச்சுக் காட்டுங்கோ." பிறகு நண்டுக் கறி, ஒடியல் கூழ், பிடித்த நடிகர் ஆர். வன்னி என்றால் ஒரு சோகப் பின்னணி இசை போட்டு, கண்ணீர் வரும் வரை கமராவைக் கிட்டக் கொண்டுபோய், உடனே விளம்பரம். அமெரிக்கனாவது விற்கிறது படம் என்று தெரிந்து விற்கிறான். அந்தப் பிள்ளை எப்படிப் பாட்டுப் பழகினது, எந்த முகாமில் இருந்தது, காணி திரும்பக் கிடைத்ததா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையா, அல்லது அட்டையில் எழுதவில்லையா?

மாயா பிறகு சொன்ன சில கதைகளில், அதிலும் தடுப்பூசி பற்றிச் சொன்னதில், எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இங்கே வந்து அதைக் கிளறாதீர்கள்.