காட்டெருமைக்கு .32 போதுமா?

கோத்தகிரிப் பக்கம் டீத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். எந்தத் தோட்டா நல்லதுண்ணா என்று கேட்டார். கரடி, காட்டெருமைக்கும் ஆகணும், ராத்திரி எவனாவது வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆகணுமாம். இந்த ஆசை மலையில் நிறைய பேருக்கு இருப்பதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

யூடியூப் பார்த்துவிட்டு அவர் அடுக்கிய .44 மேக்னம், 10 எம்எம் எல்லாம் பெரிய, பலமான தோட்டாக்கள், அலாஸ்காக்காரர்களின் சங்கதி. அங்கே பழுப்புக் கரடியின் கொழுப்பையும் எலும்பையும் தாண்டி குண்டு ஆழமாக இறங்க வேண்டும், அதனால் விரியாத, தட்டை மூக்குள்ள கெட்டி ஈயக் குண்டைப் போடுகிறார்கள். வீட்டுக்குத் தேவை இதற்கு நேர் எதிர்: நுனியில் குழியுள்ள, உடம்பில் பட்டதும் விரிந்து நின்றுவிடும் குண்டு. இல்லாவிட்டால் திருடனைத் தாண்டிப்போய் பக்கத்து அறையில் தூங்கும் பிள்ளையைத் துளைக்கும். துப்பாக்கி ஒன்றாக இருக்கலாம், உள்ளே போடுவது ஒன்றாக இருக்க முடியாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். 9 எம்எம், .38 இரண்டும் இங்கே சாதாரண ஆளுக்குத் தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது துப்பாக்கிக் குழல் அளவு; .38, .32 என்பதெல்லாம் அங்குலக் கணக்கு). சாதாரண ஆளின் கைக்கு நடைமுறையில் வருவது .32, அல்லது .22. பிஸ்டலில் போடும் .32 ஏசிபி குண்டு நாலரை கிராம் சொச்சம்தான், குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் சுமார் 170 ஜூல். 9 எம்எம் 450-ஐத் தாண்டும், .44 மேக்னம் 1,200-க்கும் மேலே. குன்னூரில் ரோட்டோரமாகவே நிற்கும் ஆண் காட்டெருமையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு டன் வரை எடை, தோள் மேல் திமிலாகத் திரண்ட தசை, அதன் மேல் அந்தத் தோல். அதற்கு .32 என்பது கொசுக்கடிகூட இல்லை, கோபம் மட்டும் வரும்.

கரடி அவ்வளவு பெரிசில்லை, நூறு கிலோவை ஒட்டி இருக்கும். ஆனால் அது உண்ணிச்செடிப் புதருக்குள் பழம் தின்றுகொண்டோ கறையானை உறிஞ்சிக்கொண்டோ இருக்கும்போது உங்கள் காலடிச் சத்தம் அதற்குக் கேட்காது. நாலைந்து எட்டு தூரத்தில் திடீரென்று பார்க்கும், பார்த்ததும் பாயும். இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி, குறி வைத்து... நடக்கிற காரியமா? அலாஸ்கா கரடிச் சம்பவங்களைத் தொகுத்து கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும் வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பெரிய பெரிய தோட்டா வைத்திருக்கும் ஊரிலேயே இந்தக் கதி.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, பாதி அடிபட்ட கரடி. அது புதருக்குள் படுத்துக் கிடக்கும், காலையில் கொளுந்து பறிக்க வரும் அக்காமார் அதன் மேல்தான் போய் முட்டுவார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் 11-ஆவது பிரிவு, தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்தால் குற்றமில்லை என்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது, சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு போவதே மீறல்தான். முதுமலைப் பக்கம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம் என்கிற நினைப்பே வேண்டாம்.

வீட்டுக்கு மட்டும் என்றால் என் ஓட்டு .32 ரிவால்வருக்கு. ஆறே தோட்டாதான், ஆனால் ஒன்று வெடிக்காவிட்டால் திரும்ப விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்து அதை வெளியே தள்ளணும், பதற்றத்தில் கை ஓடாது. மலை ஈரத்தில் வருஷக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் தோட்டாவை நான் நம்பமாட்டேன், அதனால்தான் இது எனக்குப் பெரிய விஷயம். அப்புறம், ரிவால்வருக்குப் போடும் .32 லாங் தோட்டா கையை அதிகம் உதைக்காது. குறி சுடும் போட்டிக்காரர்களே விரும்பிப் பயன்படுத்துவது. உதை குறைவு என்றால் இரண்டாவது குண்டும் குறியில் விழும். ரேஞ்சுக்குப் போய்ப் பழகாதவர் கையில் இதுவும் வீண்.

கரடிக்கு என்ன வழி என்று திரும்பவும் கேட்டார். தோட்டத்துக் கோயிலில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயை ராத்திரி விட்டுவைக்காதீர்கள், கரடி வருவதே அதற்குத்தான். தொழிலாளர் லைன் வீட்டுப் பக்கம் புதரை வெட்டுங்கள், இருட்டியதும் டார்ச்சும் பேச்சுத் துணையுமாக நடங்கள் என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான், .44 என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்.