காசு கொடுத்து வாங்காத செல்லக்காசு

சென்னை கொளத்தூரில் குடியிருப்பவனுக்கு மீன் பைத்தியம் பிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். தெருவுக்கு நாலு கடை, மாடிக்கு மாடி தொட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆனால் காற்றடித்துக் கட்டிய கவரில் மீனைத் தொங்கவிட்டபடி பைக்கில் பறக்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் பதினைந்து வருடம் நானும் இருந்தேன். ஏஞ்சல், ஆஸ்கர், ஆப்பிரிக்கன், கடைசியாக ஒரு ஃப்ளவர்ஹார்ன். இத்தனையும் சிக்லிட் என்ற ஒரே குடும்பம் என்பதே பாதி காசு கரைந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சந்தையில் கூறுகட்டி விற்கிற நம்ம ஜிலேபிக் கெண்டையும் அதே வம்சம்தான்.

பதினைந்து வருடத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. சிக்லிட் என்றால் ரவுடி. புதிதாக ஒன்றை விட்டால் பழையது வாலைக் கடிக்கும், மறுநாள் காலை ஒன்று மிதக்கும். மீன் வளர்க்கிற எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். 'அக்ரசிவ் மீன் சார், தனியா போடுங்க.'

இப்போது சொல்கிறேன், அது மீனின் குணமே இல்லை. பாதிக்கு மேல் தொட்டியின் குணம். நாலு பேரை லாக்கப்பில் அடைத்துவிட்டு, வெளியே நின்று 'பாருங்க, எப்படி அடிச்சுக்கிறானுங்க' என்று சொன்ன கதை அது. இது புரிய எனக்கு எண்ணூர் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

ஒரு ஜோடி செல்லக்காசு வாங்கியிருந்தேன். கடைகளில் ஆரஞ்சு குரோமைட் என்பார்கள். விரல் நீளம் இருக்கும், தட்டையான உடம்பு, உண்மையிலேயே காசு மாதிரி. இரண்டடித் தொட்டியில் விட்ட நாலாவது நாள் ஆண் பெண்ணை மூலையில் தள்ளித் தள்ளியே கொன்றுவிட்டது. கடைக்காரத் தம்பியிடம் போய்ப் புலம்பினேன். "ஜோடி ஒட்டலண்ணா, அவ்ளோதான். வேற ஒண்ணு எடுத்துக்கோ" என்றான். அப்புறம் போகிற போக்கில், "இது இன்னாண்ணா பெரிய விஷயம், எண்ணூர் கழியில சும்மாவே கெடக்கும்" என்றான்.

அமேசான் தண்ணீரின் பிஹெச் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். பைக்கில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் ஒரு சிக்லிட் பிள்ளை குட்டியோடு வாழ்கிறது என்பது தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த மாசி மாதம் போனேன். வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி, கொசஸ்தலை ஆறு உப்புத் தண்ணீரோடு கலக்கிற பக்கம். காற்று கிளம்புவதற்கு முன்னால், ஏழு மணிக்கெல்லாம் கரையில் இருந்தேன். முதல் இரண்டு தடவை ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரில் வானம்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை கூச்சத்தை விட்டு ஒரு போலராய்டு கண்ணாடியும் குடையும் எடுத்துப் போனேன். குடையைச் சாய்த்துப் பிடித்தால் அந்த நிழலுக்குள் மட்டும் ஆற்றின் அடி தெரியும். முழங்கால் ஆழம்தான்.

முதலில் கண்ணில் பட்டது குழி. உள்ளங்கை அகலத்தில் மண்ணை வழித்து எடுத்த மாதிரி. அதன் மேல் இரண்டு மீன். கடையில் பார்க்கிற ஆரஞ்சு கிடையாது. அது தொட்டிக்காரர்கள் நிறம் பிரித்து வளர்த்தெடுத்தது. இது பச்சையும் மஞ்சளும் கலந்த பித்தளை நிறம், நடு விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு, அடிவயிறு மை பூசின மாதிரி. முட்டைக் காலத்தில் அப்படிக் கறுக்கும். அவற்றைச் சுற்றித் தூசி மாதிரி ஏதோ மிதந்தது. அந்தத் தூசி நகர்ந்தபோதுதான் குஞ்சு என்று புரிந்தது.

குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து தாயின் விலாவில் வாயை ஒற்றிவிட்டு விலகின. கொத்துகிறதோ என்று நினைத்தேன். இல்லை, தோலின் மேல் ஊறுகிற கோழையைத் தின்கின்றன. தாய், தகப்பன் இரண்டுமே கொடுக்கும். மீனில் தாய்ப்பால் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜிலேபி நேராகக் குழியைப் பார்த்து வந்தது. தகப்பன் பாய்ந்தது. என் தொட்டியாக இருந்தால் இது அரை நாள் கொலைவெறி. இங்கே இரண்டடி தூரம் துரத்தியது, அவ்வளவுதான். ஜிலேபி ஒதுங்கிப் போனது, இதுவும் திரும்பி வந்துவிட்டது. தோற்றவனுக்கு ஓட இடம் இருந்தால் சண்டை அத்தோடு முடிகிறது. என் பெண் மீனுக்கு ஓட இடம் இருந்ததா? இரண்டடி!

அந்த நேரத்தில் தாய் செய்த ஒரு காரியம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வயிற்றுக்கடியில் இருக்கிற கறுப்புத் துடுப்பு இரண்டையும் படபடவென்று விரித்து மூடியது. சிதறிக் கிடந்த குஞ்சுகள் எல்லாம் அடிவயிற்றுக்குக் கீழே வந்து ஒடுங்கிக்கொண்டன. பருந்து நிழல் பட்டால் கோழி குரல் கொடுக்குமே, அதேதான். குரலுக்குப் பதில் துடுப்பு.

இந்தத் துடுப்புச் சைகையைப் பற்றி ஆய்வாளர்கள் 1960களிலேயே எழுதிவிட்டார்கள் என்று பிறகு படித்தேன். அதைத் தொட்டியில் வைத்துப் பார்த்துத்தான் எழுதினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆக, தொட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் ஒருவரான வார்டும், வைமன் என்ற இன்னொரு ஆய்வாளரும் 1970களில் இலங்கைக்குப் போய்க் கழிகளில் இதைப் பார்த்தார்கள். செல்லக்காசு பெரிய கரிமீனின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கிச் சுத்தம் செய்யும் என்பது அவர்கள் சொன்னது. கேரளாவில் வாழை இலையில் பொரிக்கிறார்களே, அந்த மாநிலத்தின் மீனாகவே அறிவித்திருக்கிறார்களே, அந்தக் கரிமீன்தான். அதற்குப் பணிவிடை செய்கிற இதே செல்லக்காசு, அசந்தால் அதன் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். நல்லவன், கெட்டவன் எல்லாம் நாம் ஒட்டுகிற சீட்டு.

இன்னொன்று. செல்லக்காசு, கரிமீன், கர்நாடகத்தில் இருக்கிற கனரா கரிமீன் என்று மூன்றே மூன்று சிக்லிட்தான் இந்தியாவுக்குச் சொந்தம். இவற்றின் நெருங்கிய சொந்தக்காரர்கள் இருப்பது மடகாஸ்கரில். இரண்டு நிலமும் ஒட்டியிருந்த காலத்து உறவு என்கிறது ஒரு கட்சி, கடல் தாண்டி வந்தது என்கிறது இன்னொரு கட்சி. எப்படியானாலும் நம்ம கழியில் மண் தோண்டிக்கொண்டிருப்பது சாதாரணக் குடும்பம் இல்லை.

குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பறிக் கூடையைப் பல்லில் கடித்தபடி கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்றார். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னா தம்பி, தூண்டிலும் இல்ல, வலையும் இல்ல. சும்மா குந்திகினு இன்னாத்த பாக்கற?" என்றார். குழியைக் காட்டினேன். "அட, இதுவா? காலு வைக்கும்போதே தெரியும். குழி மெதிக்காம சுத்திப் போவோம்" என்றார். நான் பதினைந்து வருடத்தில் தெரிந்துகொள்ளாததை அவர் பாதத்தில் வைத்திருந்தார்.

எண்ணூர் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் படிந்து கிடப்பது ஊரறிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் தார் மாதிரி ஒட்டியது. அதற்கு அடுத்த மாசியில் நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் குழி ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த வருடம் இரண்டு இருந்தன. எண்ணெயால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் ஒருத்தன், ஒரு குடை, ஒரு கரை. ஆனால் இதைப்போல இன்னும் நாலு பேர் நாலு கரையில் உட்கார்ந்து எண்ணியிருந்தால் இன்றைக்குக் கையில் ஒரு கணக்கு இருந்திருக்கும். கொளத்தூரில் மீன் தெரிந்த கண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றுகூட ஆற்றைப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆற்றைப் பார்க்கவில்லை, ஆனால் ஏரியைக் குப்பைத்தொட்டி ஆக்கத் தெரியும். மீன் பெரிதாகிவிட்டது, சமாளிக்க முடியவில்லை என்று ரெட்டேரியில் கொண்டுபோய் விடுகிறவர்களை எனக்கே தெரியும். ஏதோ புண்ணியம் செய்த முகத்தோடு வருவார்கள். ஐயா, 1952இல் உணவுக்காகக் கொண்டுவந்த ஜிலேபி இன்றைக்கு எந்தக் குட்டையைத் தோண்டினாலும் இருக்கிறது. முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கிற மீன் அது, எங்கே விட்டாலும் பிழைக்கும். கோடையில் ஏரி வற்றும்போது சேற்றில் வட்டவட்டமாகத் தெரிகிற குழிகள் அதன் ஆண்கள் தோண்டியவை. தயவுசெய்து அடுத்த ஜிலேபியை நீங்கள் உருவாக்காதீர்கள். வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

என் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டேன். ஃப்ளவர்ஹார்ன் மட்டும் இருக்கிறது. அது மனிதன் கலப்பில் உண்டாக்கிய மீன், அதற்கென்று எந்த ஊரிலும் ஆறு கிடையாது. நாலடித் தொட்டியில் தனியாக, நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. அதற்கு ரத்தப்புழு போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பொங்கல் முடிந்து தண்ணீர் தெளிந்ததும் போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள். காலை ஏழு மணி, மீஞ்சூர் ஸ்டேஷன் வாசல். குடை அவசியம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.