எந்த ஆண்டின் காடு?

ஒலி நிகழ்ச்சி விளம்பரங்களில் 'இம்மர்சிவ்', அதாவது நாலாபுறமும் ஒலி சூழ்ந்து ஆளை மூழ்கடிப்பது, என்ற சொல்லைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. இருட்டறை, சுற்றிலும் ஸ்பீக்கர், தலைக்கு மேலே நாலு. பின்னால் மழை, இடப்பக்கம் ஒரு பறவை, காலடியில் ஆறு. அரை மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, "காட்டுக்குள்ளேயே போய் வந்த மாதிரி இருந்தது" என்று எழுந்து வருகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். என்ன கேட்டாய் என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

ஸ்பீக்கர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளை இசைத்தட்டுகளில் பதிந்து, அவற்றையே அடுக்கி இசையாக்கியது 1948-ல். பத்தே ஆண்டில், பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் பிலிப்ஸ் அரங்கில் எட்கார் வரேஸ் என்ற இசையமைப்பாளரின் இசை, சுவரில் பதித்த நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியே ஆட்களின் தலைக்கு மேல் ஓடியது. 1974-ல் இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபிரான்சுவா பெய்ல் அக்குஸ்மோனியம் என்று ஒன்றை அமைத்தார். மேடையில் வாத்தியக்காரர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒலிபெருக்கிகள். கலவை மேசையில் ஒருவர் உட்கார்ந்து, இசையை அங்கேயும் இங்கேயும் நகர்த்துவார். ஒலிக்கு இடம் கொடுப்பது அவ்வளவு பழைய ஆசை.

காதும் அதற்கு ஏற்ற கருவிதான். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைத் தொட்டு மறு காதை எட்டும் இடைவெளி, ஒரு மில்லி விநாடிகூட இல்லை. அந்தத் துக்கடா நேரத்தை வைத்தே மூளை திசை சொல்லிவிடும். மேலிருந்தா கீழிருந்தா என்பதைக் காது மடலின் மடிப்புகள் சொல்லும். ஆகவே இந்தக் காதை ஏமாற்றுவது ஒரு திறமை. மறுக்கவில்லை.

என் கேள்வி வேறு. ஏமாற்றி, எந்தக் காட்டைக் கேட்க வைக்கிறீர்கள்?

பெர்னி கிராவுஸ் என்ற ஒலிப்பதிவாளர் 1988-ல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், லிங்கன் புல்வெளியில் ஒரு விடியலைப் பதிவு செய்தார். அப்புறம் அங்கே மரம் வெட்டினார்கள். மொத்தமாக அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேர்ந்தெடுத்து; சூழல் கெடாது என்று உறுதியும் சொல்லித்தான். ஓராண்டு கழித்து அதே மாதம் அதே இடத்துக்குப் போனார். பார்வைக்கு எதுவும் மாறவில்லை. புகைப்படத்தில் அதே பச்சை. பதிவில் மட்டும் ஓடைச் சத்தமும், ஒற்றை மரங்கொத்தி தட்டுவதும். முந்தைய ஆண்டின் பறவைக் கூட்டத்தைக் காணோம்.

இப்போது யோசியுங்கள். அந்த இருட்டறையில் ஓடப்போவது எந்தப் பதிவு? 1988-தான். அதுதானே இனிமை. எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும், மனதை ஆற்றுவதற்கென்று ஒட்டிய சுவர்க் காகிதம் அது. ஐந்திணையில் நிலத்துக்கு ஒரு பறை, ஒரு யாழ், ஒரு பறவை என்று பிரித்து வைத்த நம் மொழிக்காரர்களுக்கு இது இன்னும் உறைக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த எதிர் உதாரணம், கனடாவின் ஒலிக்கலைஞர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1989-ல் ஒரு கடற்கரை நடையை வைத்துச் செய்த ஒலிப்படைப்பு. வான்கூவரின் கிட்சிலானோ கரை. வெறும் ஸ்டீரியோ, இடம் ஒன்று வலம் ஒன்று. பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்னும் சிற்றுயிர்களின் மெல்லிய 'டிக் டிக்'கைக் கேட்க முயல்கிறார். பின்னால் நகரம் இரைகிறது. அவர் குரலும் பதிவிலேயே இருக்கிறது. ஒலியை ஏற்றுகிறார், இறக்குகிறார், பிறகு வடிகட்டியைப் போட்டு நகரத்தையே காணாமல் ஆக்குகிறார். நகரம் இல்லாதது போல் பாவனை செய்யலாம் என்று நம்மிடம் சொல்லிவிட்டே செய்கிறார். அதற்குப் பிறகு வரும் கற்பனை ஒலிகள், கனவுகள் எல்லாவற்றையும் நான் முழுமனதோடு நம்பினேன். கையைக் காட்டிவிட்டுச் செய்யும் வித்தை.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு சின்ன ரெக்கார்டரோடு விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன். விமானம், பைக், யாரோ ஒருவரின் இருமல். ஒவ்வொன்றையும் வெட்டினேன். நாற்பது நிமிடத்தில் ஒன்பது நிமிடம் தேறியது. அதற்கு 'விடியல்' என்று கூச்சமே இல்லாமல் பெயர் வைத்து நண்பர்களுக்கும் அனுப்பினேன். எல்லாரும் அருமை என்றார்கள்.

வெட்டிய முப்பத்தொரு நிமிடத்தை இன்னும் அழிக்கவில்லை. அதில் ஓரிடத்தில் விமானம் கடக்கிறது, பறவைகள் அடங்குகின்றன. இரைச்சல் முழுதாகத் தேய்வதற்கு முன்பே ஒரே ஒரு குருவி மறுபடி ஆரம்பிக்கிறது.