கார்டா ஏரிக்குப் போகிறவர்கள் சொல்ஃபெரினோவையும் பார்த்துவிட்டு வாருங்கள்

இந்தக் கோடையில் மட்டும் தெரிந்த ஏழெட்டுக் குடும்பங்கள் வட இத்தாலியின் கார்டா ஏரிப் படங்களைப் போட்டுவிட்டார்கள். சுவிஸிலிருந்து காரில் போய்வரும் தூரம், பிள்ளைகளுக்கு நீச்சல், ஐஸ்கிரீம், பிறகு ஏரிக்கரை ஊரான சிர்மியோனேயின் கோட்டை வாசலில் ஒரு குடும்பப் படம். நல்லதுதான், முதல் இரண்டு தடவையும் நாங்களும் அப்படித்தான் போய் வந்தோம். ஆனால் ஏரிக்கரையிலிருந்து தெற்கே அரை மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கும் சொல்ஃபெரினோவை ஒருவரும் எட்டிப் பார்க்காமல் திரும்புவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். நம் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர் அது.

1859 ஜூன் 24. ஒரு பக்கம் பிரான்சும் சார்டினியாவும், மறுபக்கம் ஆஸ்திரியா. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான படையினர் அந்தச் சின்னக் குன்றுகளில் ஒரே நாளில் மோதினார்கள். தொழில் விஷயமாக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்க வந்த ஹென்றி டுனான்ட் என்ற 31 வயது ஜெனீவாக்காரர் அன்று மாலை பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயில் இருந்தார். வந்த வேலையை விட்டுவிட்டார். தேவாலயம், வீடு, தெரு எங்கும் காயப்பட்டவர்கள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் போதாது, அந்த ஊர்ப் பெண்கள்தான் எந்தப் படை என்று பாராமல் கட்டுப் போட்டார்கள். "துத்தி ஃபிராத்தெல்லி", எல்லோரும் சகோதரர்கள், என்று அவர்கள் சொன்னதை டுனான்ட் 1862இல் தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். அடுத்த வருடம் ஜெனீவாவில் செஞ்சிலுவைக் குழு, 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை.

சொல்ஃபெரினோவில் ஒரு சின்னத் தேவாலயம். உள்ளே போனால் பீடத்துக்குப் பின்னால் சுவர் நிறைய மண்டையோடுகள், வரிசை வரிசையாக, ஆயிரத்துக்கும் மேல். ஒன்றின் நெற்றியில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதில ஆர் எந்தப் பக்கம் அப்பா?" என்று கேட்டாள். பிரான்சுக்காரன், ஆஸ்திரியாக்காரன், இத்தாலியன் எல்லோரையும் ஒன்றாகத்தான் அடுக்கியிருக்கிறார்கள், பிரித்துப் பார்க்க வழியில்லை. அதை அவளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2009இல் புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து காயப்பட்டவர்களைத் திருகோணமலைக்கு ஏற்றிப்போன கப்பலில் எங்கள் சித்தியும் இருந்தா. கப்பலில் இருந்த செஞ்சிலுவைக் கொடியைப் பற்றி இன்றைக்கும் பேசுவா. அந்தக் கொடிக்கான யோசனை முளைத்த மண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு, நீந்திவிட்டு மட்டும் வந்தால் சரியா?

காஸ்டிலியோனேயில் செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. குதிரை இழுத்த ஆம்புலன்ஸ் வண்டிகளும் பழைய ஸ்ட்ரெச்சர்களும் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்தன. அதே போரின் நினைவாகக் கட்டிய சான் மார்ட்டினோ கோபுரத்திலும் ஏறிப் பாருங்கள். உள்ளே படிக்கட்டுக்குப் பதில் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம், வயதானவர்களும் மெதுவாக ஏறலாம், மேலிருந்து ஏரி நன்றாகத் தெரியும்.

காலையில் காஸ்டிலியோனே, அப்புறம் சொல்ஃபெரினோ, திரும்பும் வழியில் கோபுரம் என்று போனால் ஒரே நாளில் முடியும். மாலையில் சிர்மியோனேக்குப் போய்ச் சேரும்போது கோட்டை வாசலில் கூட்டமும் வடிந்திருக்கும், பிள்ளைகள் ஐஸ்கிரீமை அங்கேயே ஆறுதலாகச் சாப்பிடட்டும்.